ஈஹ்ராஃப் ரிவ்யூ: ஆசிய மக்களைப் பத்தி படிக்கறவங்க இதை வாங்கலாமா, வாங்கினா எப்படி படிக்கணும்

மானிடவியல் எடுத்து படிக்கற பசங்களும் நாட்டுப்புறவியல்ல ஆராய்ச்சி பண்றவங்களும் "ஈஹ்ராஃப்ங்கற ஆன்லைன் சேகரிப்பு எப்படி இருக்கு, லைப்ரரியில வாங்கச் சொல்லி லெட்டர் குடுக்கலாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஆளாளுக்கு தனித்தனியா பதில் சொல்றதுக்கு இங்கயே விரிவா எழுதிடறேன். வாங்கச் சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. ஆசியாவுல ஒரு சமூகத்தை இன்னொரு சமூகத்தோட பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு இதுக்கு ஈடா இன்னொன்னை நான் பாக்கல. ஆனா இதுல தேடத் தெரியறது வேற, கிடைக்கறதைப் படிக்கத் தெரியறது வேற. ரெண்டாவது தெரியாம உள்ள போனா நூறு வருஷத்துக்கு முந்தின சங்கதியை இன்னைக்கு நடக்கறதா நினைச்சு தீசிஸ்ல எழுதி வச்சிடுவாங்க, அப்படி எழுதினதை எல்லாம் படிச்சு மனசு நொந்துதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன்.

தெரியாதவங்களுக்காக முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். முழுப் பேரு ஈஹ்ராஃப் வேர்ல்ட் கல்ச்சர்ஸ். நடத்தறது ஹ்யூமன் ரிலேஷன்ஸ் ஏரியா ஃபைல்ஸ்ங்கற அமைப்பு, அமெரிக்காவுல நியூ ஹேவன்ல யேல் யுனிவர்சிட்டியோட சேர்ந்து இருக்கு. 1930-கள்ல ஜார்ஜ் பீட்டர் மர்டாக்னு ஒரு மானிடவியலாளர் யேல்ல ஆரம்பிச்ச வேலை, 1949-ல அஞ்சு யுனிவர்சிட்டி கைகோர்த்து தனி அமைப்பாக்கினாங்க. உலகத்துல ஒவ்வொரு சமூகத்தைப் பத்தியும் நேர்ல போய் தங்கி எழுதின புத்தகம், கட்டுரை, மிஷனரி குறிப்பு, இதையெல்லாம் சேர்த்து பக்கம் பக்கமா நகல் எடுத்து பொருள்வாரியா பிரிச்சு அலமாரியில அடுக்கினாங்க, ஒரே பக்கத்துல கல்யாணமும் சாப்பாடும் இருந்தா அந்தப் பக்கத்துக்கு ரெண்டு நகல், ரெண்டு இடத்துல. அப்புறம் அது மைக்ரோஃபிஷ் ஆச்சு (பக்கங்களைச் சின்னதாக்கின ஃபிலிம் தகடு), சிடி ஆச்சு, இப்ப ஆன்லைன். வருஷா வருஷம் புதுசா சமூகங்களும் புதுசா நூல்களும் சேர்க்கறாங்க.

இதோட உயிரே அந்தப் பிரிக்கற வேலைதான். சும்மா புத்தகத்தை ஸ்கேன் பண்ணி போட்டு வச்ச சைட் எத்தனையோ இருக்கு, அதுல ஒரு வார்த்தையை அடிச்சா அந்த வார்த்தை வர்ற இடம்தான் வரும். இங்க அப்படி இல்ல, படிச்ச ஆளுங்க உக்காந்து ஒவ்வொரு பாராவையும் வாசிச்சு இது எதைப் பத்தினதுன்னு மூணு இலக்க கோடு போடறாங்க. 584-ன்னா கல்யாணம் பேசி முடிக்கறது, 585-ன்னா கல்யாணச் சடங்கு, 428 சொத்து வாரிசு, 601 உறவுமுறைப் பேர்கள், 764 இறப்புச் சடங்கு, 342 வீடு, 262 சாப்பாடு. இப்படி எழுநூறுக்கு மேல இருக்கு. எழுத்தாளர் 'வாரிசு'ங்கற வார்த்தையையே எழுதியிருக்க மாட்டாரு, "அப்பா செத்த பிறகு கடைசிப் பையன் அதே வீட்டுல இருப்பான்"னு மட்டும் எழுதியிருப்பாரு, ஆனா 428 அடிச்சா அந்தப் பாரா வந்து நிக்கும். இதை எந்த சர்ச் எஞ்சினும் இந்த அளவுக்கு ஒழுங்கா செய்யல. சந்தா கட்ற காசு இந்த வேலைக்குத்தான், அது தகும்.

நம்ம நிலத்து மக்கள்னு நான் முதல்ல தேடினது நீலகிரி மலையில எருமை வளர்க்கற தோடர். ஈஹ்ராஃப்ல ஒரு சமூகத்தைப் பத்தின நூல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஃபைல், அந்த ஃபைலுக்குன்னு தனியா ஒரு கோடு, தோடருக்கு ஏடபிள்யூ 60. அதுக்குள்ள போய் 234 போட்டுப் பாருங்க, பால் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு உண்டான கோடு. வேற ஏதாவது மாடு மேய்க்கற சமூகத்துக்கு இதே கோடு போட்டா கறக்கறது, தயிர் கடையறது, வெண்ணெய் எடுக்கறதுன்னு வரும். தோடர்ல போட்டா கோயில் வந்து நிக்கும். எருமைக்கூட்டத்துக்கு தரம் இருக்கு, அந்தந்த தரத்துக்கு ஒரு பால்மனை, அந்தப் பால்மனையில வேலை செய்யறவரு பூசாரி, ரொம்ப உயர்ந்த மந்தையைப் பாத்துக்கற பலோல்ங்கறவருக்கு கட்டுப்பாடு கழுத்து வரைக்கும் இருக்கு, பொண்டாட்டியோட இருக்கக்கூடாது, சாதாரண ஆளுங்க கிட்ட நெருங்கக்கூடாது, பாத்திரம் எது எதைத் தொடலாம் எது எதைத் தொடக்கூடாதுங்கறதுக்கே பக்கக் கணக்கா விதி. பால் வேலைக்கு ஒரு கோடு, புனித இடத்துக்கும் பொருளுக்கும் 778-ன்னு இன்னொரு கோடு, ரெண்டும் ஒரே பாராவுல சேர்ந்து உக்காந்திருக்கறதைப் பாக்கறப்பதான் இந்த மக்களுக்கு பொழப்பும் சாமியும் தனித்தனி இல்லங்கறது மண்டையில ஏறும். இதை ஒரு வகுப்புல அரை மணி நேரம் பேசி புரிய வைக்கறதை விட அந்த ரெண்டு கோடையும் சேர்த்து தேடிக் காட்டினா போதும்.

அந்த பாராக்கள்ல பெரும்பகுதி பிரிட்டிஷ் மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் எழுதினது. 1901-02-ல நீலகிரிக்கு வந்து சில மாசம் தங்கி, மொழிபெயர்ப்பாளர் வச்சுக்கிட்டு, தோடர் ஒவ்வொருத்தரோட வம்சாவளியையும் கேட்டு எழுதி, அந்த வம்சாவளியை வச்சே மத்த தகவலைச் சரிபார்த்தாரு, 1906-ல புத்தகமா வந்துச்சு. மானிடவியல்ல வம்சாவளி முறைன்னு இன்னைக்கும் சொல்லிக் குடுக்கறோமே, அதை இவரு ஆஸ்திரேலியாவுக்கு வடக்க இருக்கற டாரஸ் நீரிணைத் தீவுகள்ல ஆரம்பிச்சு நீலகிரியில முழுசா பயன்படுத்தினாரு. பலோலைப் பத்தி இவ்ளோ விவரம் எப்படி கிடைச்சுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்கு பதில் தேடல்ல வராது, புத்தகத்தோட முன்பகுதியில இருக்கு. அவருக்கு ரகசியமான சடங்குகளைச் சொன்ன ஆளுங்களுக்கு அடுத்தடுத்து கெட்டது நடந்துச்சு, ஒருத்தருக்கு உடம்பு முடியாம போச்சு, இன்னொருத்தரோட மனைவி இறந்தாங்க, வெளியாளுக்கு சாமி ரகசியத்தைச் சொன்னதாலதான் இப்படின்னு குறி சொல்றவங்க சொன்னாங்க, அதுக்கப்புறம் நிறைய பேர் வாயைத் திறக்கல. இதை மறைக்காம ரிவர்ஸே எழுதி வச்சிருக்காரு.

என்னோட பெரிய குறை இங்கதான் இருக்கு. பாரா பாராவா வெட்டித் தர்றதுதான் ஈஹ்ராஃபோட பலம், அதே வெட்டுதான் இந்த முன்பகுதியை நம்ம கண்ணுல இருந்து மறைக்குது. 234 அடிச்சவருக்கு பலோலோட விதிமுறை கிடைக்கும், அதைச் சொன்ன மனுஷன் அதுக்காக என்ன பயந்தான்ங்கறது கிடைக்காது. ஒரு தகவல் எந்த சூழ்நிலையில வெளிய வந்துச்சுங்கறதும் அந்த தகவலோட பாதி, அதை விட்டுட்டு மேற்கோள் காட்டினா அது அந்த மக்களுக்கு செய்யற அநியாயம்னு நான் நிஜமாவே நினைக்கறேன். நல்ல வேளையா சைட்லயே முழு டாக்குமெண்ட்டையும் திறக்கலாம், அட்டையில இருந்து கடைசி வரைக்கும் இருக்கு, பக்க எண்ணும் அச்சுல இருந்த மாதிரியே காட்டும். அதனால நான் எல்லாருக்கும் சொல்றது: ரிசல்ட்ல ஒரு பாரா பிடிச்சுப் போச்சுன்னா உடனே காப்பி பண்ணாதீங்க, அந்த டாக்குமெண்ட்டோட முன்னுரையையும் எப்படி தகவல் திரட்டினாங்கன்னு சொல்ற அத்தியாயத்தையும் முதல்ல படிங்க, அப்புறம் பாராவுக்கு வாங்க.

அடுத்தது வருஷம். ஒவ்வொரு டாக்குமெண்ட்டுக்கும் ஒரு தகவல் பக்கம் இருக்கு, அதுல எழுதினவரு மானிடவியலாளரா, மிஷனரியா, அதிகாரியா, பயணியான்னு போட்டிருப்பாங்க, எந்த வருஷம் களத்துல இருந்தாரு, அவர் சொல்றது எந்தக் காலத்தைப் பத்தினது, எந்த ஊரைப் பத்தினதுன்னு தனித்தனியா இருக்கும். நூலோட தரத்தைப் பத்தி அவங்க போட்ட மதிப்பீடும் சில இடத்துல பாக்கலாம். இந்தப் பக்கத்தை யாரும் திறக்கறதே இல்ல, ஆனா மொத்த சைட்லயும் எனக்கு ரொம்ப மதிப்பானது இதுதான். அச்சான வருஷத்துக்கும் களத்துல இருந்த வருஷத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்னு அந்தமான் ஃபைலைப் பாத்தா தெரியும்.

அந்தமானுக்கு கோடு ஏஇசட் 02. அதுல முக்கியமானவரு பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், 1906-ல இருந்து 1908 வரைக்கும் அங்க இருந்தாரு, புத்தகம் வந்தது 1922-ல. எழுத்து பூராவும் நிகழ்காலம்: அழறாங்க, ஆடறாங்க, உடம்புல களிமண் பூசறாங்க. மானிடவியல்ல அப்ப அது வழக்கம்தான். ஆனா அவர் போனப்பவே என்ன நிலைமை? 1858-ல பிரிட்டிஷ்காரன் போர்ட் பிளேர்ல கைதிகளுக்கு குடியிருப்பு போட்டான், அதோட சிபிலிஸ் வந்துச்சு, 1877-ல தட்டம்மை வந்து கொத்துக் கொத்தா செத்தாங்க, அவர் போய் இறங்கினப்ப 'பெரிய அந்தமானியர்'ங்கற பூர்வகுடி மக்கள்ல சில நூறு பேர்தான் மிச்சம், பல பழக்கத்தை வயசானவங்க ஞாபகத்துல இருந்து கேட்டு எழுதினாரு. அதாவது அவர் நிகழ்காலத்துல எழுதினதுல நிறைய அவருக்கே கடந்த காலம். 2010-ல போவா சீனியர்ங்கற பாட்டி இறந்தப்ப அவங்க மொழிகள்ல ஒண்ணான போ மொழி பேச ஆளே இல்லாம போச்சு. இதையெல்லாம் ஒண்ணா வச்சுப் பாக்காம "அந்தமானியர் இப்படி அழுவார்கள்"னு 2020-கள்ல ஒரு பொண்ணு பிராஜெக்ட் எழுதினா தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல, தேதிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் குடுக்காத நம்ம மேலதான். அந்தமான்னதும் எல்லாரும் சென்டினல் தீவைத் தேடுவாங்க, அங்க இருக்கறவங்களைப் பத்தி ஆழமா எழுதற அளவுக்கு யாரும் அவங்களோட தங்கினதே இல்ல, தங்கவும் கூடாது, அவங்க வேண்டாம்னு தெளிவா காட்டியாச்சு.

சரி, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு வருவோம், இதுலதான் இந்த சைட் மேல எனக்கு உண்மையான ஆசை. 428-ஐயும் மூணு ஃபைலையும் எடுத்துக்கோங்க: காசி, காரோ, சிங்களர். காசியும் காரோவும் மேகாலயாவுல அக்கம் பக்கத்துல இருக்கறவங்க, ரெண்டு பேருமே தாய்வழிச் சமூகம். வெளிய இருந்து பாத்தா ஒண்ணுதானேன்னு தோணும். காசியில பூர்வீக சொத்து கடைசிப் பொண்ணு கைக்கு வரும், முன்னோர் சடங்கும் வீடும் அவளைச் சேர்ந்தது. காரோவுல கடைசிப் பொண்ணுதான்னு கட்டாயம் இல்ல, ஒரு பொண்ணை வாரிசா தேர்ந்தெடுப்பாங்க, அவளுக்கு வர்ற மாப்பிள்ளை அப்பாவோட குலத்துல இருந்து வந்தா நல்லது, அப்பாவோட அக்கா தங்கச்சி மகன் மாதிரி, அந்த மாப்பிள்ளைக்கு நோக்ரோம்னு பேரு, அவரு அந்த வீட்டுலயே வந்து தங்கி மாமனாருக்கு அப்புறம் வீட்டை நடத்துவாரு. சொத்து பொம்பளை வழியா போகுது, ஆனா ஆம்பளை பக்கத்து குலமும் கைய விடல பாருங்க. அப்படியே சிங்களர் ஃபைலுக்கு வந்தா, பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போற தீக கல்யாணம், புருஷன் பொண்ணு வீட்டுக்கு வர்ற பின்ன கல்யாணம்னு ரெண்டு ஏற்பாடு, நிலம் எங்க இருக்குங்கறதைப் பொறுத்து குடும்பம் எதையாவது ஒண்ணைத் தேர்ந்தெடுக்குது. நம்ம பக்கம் வீட்டோட மாப்பிள்ளைன்னு சொன்னாலே ஒரு மாதிரி பாக்கறாங்களே, இந்த மூணையும் படிச்சிட்டு அதைத் திரும்பிப் பாத்தா கேள்வியே மாறிடும், மானம் மரியாதைங்கறதுக்கு அடியில நிலம் யார் பேருல இருக்குங்கறது எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும். இந்த மூணு ஃபைலையும் தனித்தனி புத்தகமா தேடிப் பிடிச்சு படிக்கணும்னா மாசக்கணக்கு ஆகும், இங்க ஒரு சாயங்காலத்துல ஆரம்பிக்கலாம்.

உறவுமுறைக்கு 601 போடறவங்களுக்கு ஒரு விஷயம். பெரியப்பா சித்தப்பா பசங்க அண்ணன் தம்பி ஆகற முறை, இதை உலகத்துக்கு பெருசா எடுத்துக் காட்டினது 1871-ல அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், அவரு இந்தியாவுக்கு வரவே இல்ல, இங்க இருந்த மிஷனரிங்க அனுப்பின தமிழ் உறவுமுறைப் பட்டியலை வச்சு அமெரிக்காவுல இருக்கற செனிகா பூர்வகுடி மக்களோட முறை இதே மாதிரி இருக்குன்னு ஆச்சரியப்பட்டு எழுதினாரு. ஒப்பீட்டு மானிடவியலோட தொடக்கத்துலயே நம்ம மாமன் மச்சான் இருக்காங்க, அதனால இந்தக் கோடு நமக்கு ரொம்ப நெருக்கமானது, தயங்காம போய் பாருங்க.

இனி ஆசியா எங்க இருக்குங்கற பிரச்சனை. பழைய கோடு முறையில ஏ-ன்னு ஆரம்பிச்சா ஆசியா: கொரியா ஏஏ 01, ஐனு ஏபி 06, மத்திய தாய் ஏஓ 07, சந்தால் ஏடபிள்யூ 42. ஆனா பிலிப்பைன்ஸ் இஃபுகாவோ ஓஏ 19, போர்னியோ இபான் ஓசி 06, ரெண்டும் ஓ, அதாவது ஓசியானியா. மேற்கு ஆசியா முழுக்க மத்திய கிழக்குன்னு எம்-ல போயிடும். சைபீரியாவுல இருக்கற சுக்சி, யாகுட் எல்லாம் ரஷ்யாவோட சேர்ந்து ஆர். கோடு எழுத்தை மட்டும் நம்பி ஏ-வை மட்டும் பாத்தா இபான் நீள்வீடு விட்டுப் போகும், பல குடும்பம் ஒரே கூரைக்கு கீழ இருந்தாலும் பிலேக்னு சொல்ற தனித்தனிப் பகுதியில இருக்கற ஒவ்வொரு குடும்பமும் தன் அடுப்பு தன் நெல் தன் கணக்குன்னு தனியா நிக்கறதைப் பத்தி டெரெக் ஃப்ரீமன் எழுதினதை படிக்காமலே போயிடுவோம், இஃபுகாவோ மக்கள் போலீஸ் கோர்ட் எதுவும் இல்லாம நடுவர் ஒருத்தரை வச்சு வழக்கு தீர்த்த விதமும் விட்டுப் போகும். இந்தக் கோடு முறை 20-ஆம் நூற்றாண்டு நடுவுல அமெரிக்காவுல உக்காந்து உலக வரைபடத்தை பாத்தவங்க போட்டது, அதை அப்படியே மனசுல வச்சுக்கிட்டு தேடுங்க.

அந்தக் காலம்னு சொன்னேன்ல, அதுல இன்னொன்னு இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல மர்டாக் அமெரிக்க கடற்படையில சேர்ந்து, ஜப்பான் கையில இருந்த பசிபிக் தீவுகளைப் பிடிச்சா எப்படி நிர்வாகம் பண்றதுன்னு கையேடு தயாரிச்சாரு, அதுக்கு இந்த சேகரிப்பு உதவிச்சு. 1950-கள்ல அமெரிக்க ராணுவத்துக்காக நாடுவாரியா கையேடு போட்டதும் இதே அமைப்புதான். இதைச் சொல்றது இந்த சைட்டை ஒதுக்கறதுக்கு இல்ல, மானிடவியல் எங்கயுமே அதிகாரத்துக்கு ரொம்ப தூரமா இருந்ததில்ல, மெட்ராஸ் மியூசியத்துக்கு பொறுப்பா இருந்த எட்கர் தர்ஸ்டன் அங்க வர்றவங்க மூக்கை அளந்துக்கிட்டு இருந்தது நம்ம ஊர் கதைதான். யாரு எதுக்காக ஒரு சமூகத்தைப் பத்தி தெரிஞ்சுக்க நினைச்சாங்கங்கற கேள்வியோட படிக்கணும், அவ்வளவுதான்.

எண்ணிக்கைக்காக பயன்படுத்தறவங்களுக்கு, அதாவது 'ஆசியாவுல இத்தனை சமூகத்துல இது இருக்கு, இத்தனைல இல்ல'ன்னு புள்ளிவிவரம் எடுக்கறவங்களுக்கு, ஒரு எச்சரிக்கை. கொரியா ஒரே ஃபைல், கோடிக்கணக்கான ஜனம். தோடரும் ஒரே ஃபைல், சில ஆயிரம்கூட தேறாத ஜனம். கணக்குல ரெண்டுக்கும் ஒரே எடை. அதுக்கு அவங்ககிட்ட நியாயம் இருக்கு, எண்ணறது மக்கள்தொகையை இல்ல, பண்பாட்டைன்னு சொல்வாங்க. ஆனா கொரியாவுக்குள்ள ஒரு மீனவ கிராமத்துல எடுத்த தகவலும் சியோல்ல எடுத்த தகவலும் ஒரே பேருல உக்காந்திருக்கும், தகவல் பக்கத்துல இடம் என்னன்னு பாக்கலன்னா ரெண்டும் குழம்பிடும். இன்னொன்னு, அக்கம் பக்கத்துல இருக்கறவங்க ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் எடுத்துக்குவாங்க, அதைத் தனித்தனி உதாரணமா எண்ணலாமான்னு 1889-லயே பிரிட்டிஷ் அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன், மானிடவியலாளர் டைலர்கிட்ட கேட்டாரு, அந்தக் கேள்வி இன்னும் உயிரோடதான் இருக்கு. நீலகிரியில இது கண்ணுக்கு முன்னாடி தெரியும்: தோடர் பால் பொருள் குடுக்க, கோத்தர் பானையும் இரும்பும் குடுத்து இசை வாசிக்க, படகர் தானியம் குடுக்க, குறும்பர் காட்டுப் பொருளும் மந்திரமும் பாத்துக்கன்னு ஒருத்தரோட வாழ்க்கை இன்னொருத்தரோட சடங்குக்குள்ள நுழைஞ்சு கிடக்கு. அதை நாலு தனி வரியா பிரிச்சு எண்ணினா மலையில நடந்த வாழ்க்கையே கைய விட்டுப் போகும். இதுக்கு சைட்டைத் திட்ட முடியாது, ஆனா ஃபைல் ஃபைலா பாக்கற கண்ணு இதை மறக்க வைக்கும்.

மொழி விஷயத்துல எனக்கு வருத்தம் அதிகம். எல்லாமே இங்கிலீஷ், வேற மொழியில இருந்த பழைய நூல்களை இங்கிலீஷாக்கியும் வச்சிருக்காங்க, அது பெரிய உழைப்பு, மறுக்கல. ஆனா ஆசியாவுல ஆசிய மொழிகள்ல எழுதின இனவரைவியல், அதாவது சமூகங்களை நேர்ல பாத்து எழுதினது, எவ்வளவு இருக்கு! தமிழ்ல பக்தவத்சல பாரதி மாதிரி ஆளுங்க வாழ்நாள் பூரா எழுதியிருக்காங்க, ஜப்பானியத்துல, சீனத்துல, வங்காளத்துல மலை மலையா இருக்கு. அதைவிட முக்கியம், ஒரு காலத்துல தகவல் சொல்றவங்களா மட்டும் இருந்த மக்கள் இப்ப அவங்களே எழுதறாங்க, பேசறாங்க. ஐனு மக்களை பூர்வகுடின்னு ஜப்பான் சட்டம் ஏத்துக்கிட்டதே 2019-லதான், 2020-ல ஹொக்கைடோவுல ஷிராஓயில அவங்களுக்குன்னு தேசிய மியூசியம் திறந்தாச்சு, பழைய ஆராய்ச்சியாளருங்க கல்லறையில இருந்து தோண்டி எடுத்துட்டுப் போன எலும்புகளை திருப்பிக் குடுன்னு கேட்டு வழக்கு போட்டு வாங்கியிருக்காங்க. தோடர் பூத்தையல் 2013-ல புவிசார் குறியீடு வாங்கிச்சு. இந்த மாதிரி இன்னைய சங்கதியை பழைய ஃபைலோட பக்கத்துல நீங்களா கொண்டு வந்து வைக்கணும்.

இலங்கை வேடர் ஃபைலும் அப்படித்தான். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதி 1907-08-ல போய் 1911-ல வெளியிட்டது அதுல அடிப்படை, அவங்க மனசு பூரா காட்டுக்குள்ள கலப்பில்லாம இருக்கற வேடரைத் தேடறதுலயே இருந்துச்சு. கிழக்குக் கரையில தமிழ் பேசிக்கிட்டு மீன் பிடிச்சுக்கிட்டு விவசாயம் பண்ணிக்கிட்டு இருக்கற கரையோர வேடருக்கு அந்தப் பார்வையில ரெண்டாம் இடம்தான் கிடைச்சுது. தமிழ் வாசகர்களுக்கு முதல்ல கேக்கத் தோணறதே இவங்களைப் பத்திதான். கலப்பில்லாத ஆளு எங்கன்னு தேடற ஆசை அந்தத் தலைமுறை மானிடவியல்ல ரொம்ப பேருக்கு இருந்துச்சு, அது எந்த பாராவுல எட்டிப் பாக்குதுன்னு கண்டுபிடிச்சுக்கிட்டே படிக்கணும்.

பயன்படுத்தறது சுலபம்தான், அதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம். பண்பாடு, பொருள் கோடு, வார்த்தை, மூணையும் சேர்த்து தேடலாம், ரிசல்ட் பிராந்தியவாரியா, அப்புறம் சமூகம், அப்புறம் டாக்குமெண்ட்னு பிரிஞ்சு வரும். பிடிச்ச பாராவை கணக்குல சேமிச்சு வைக்கலாம். ஒவ்வொரு சமூகத்துக்கும் முன்னாடி ஒரு சுருக்கம் இருக்கும், புதுசா வர்றவங்க அதைப் படிச்சுட்டு உள்ள போங்க. வார்த்தைத் தேடலைவிட கோடு தேடல்தான் நம்பலாம், ஏன்னா ஒரே ஊர்ப் பேரை, சாமிப் பேரை ஒவ்வொரு ஐரோப்பியரும் ஒவ்வொரு மாதிரி எழுதி வச்சிருப்பாரு.

காசு விஷயம். இது பொதுவா நிறுவனம் கட்ற சந்தா, தனி ஆளுக்கு கட்டுப்படியாகறது கஷ்டம், அதனாலதான் லைப்ரரி மூலமா கேக்கச் சொல்றேன், ட்ரயலும் லைப்ரரி கேட்டா சுலபமா கிடைக்கும். சந்தா இல்லாதவங்களுக்கும் ஒப்பீட்டு ஆராய்ச்சி எப்படி பண்றதுன்னு அவங்க சைட்லயே பாடம் இலவசமா இருக்கு. அதோட டி-ப்ளேஸ்னு ஒரு டேட்டாபேஸ் முழுசா இலவசம், 2016-ல வந்துச்சு, மர்டாக் எடுத்த பழைய அட்டவணைத் தகவல் எல்லாம் வரைபடத்தோட அதுல இருக்கு, ஆனா அங்க ஆமா-இல்ல மாதிரி குறிதான் கிடைக்கும், யாரு என்ன எழுதினாங்கங்கற பாரா கிடைக்காது. ரிவர்ஸ் மாதிரி பழைய நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல சும்மாவே கிடைக்குது. இந்தியாவுக்குள்ளன்னா ஆந்த்ரோபாலஜிக்கல் சர்வே 1985-ல கே. எஸ். சிங் தலைமையில ஆரம்பிச்ச இந்திய மக்கள் திட்டம் இருக்கு, 4,635 சமூகத்தை அடையாளம் கண்டாங்க. ஒவ்வொரு சமூகத்துக்கும் சில பக்கம்தான், ஆழம் குறைவு, ஆனா அகலத்துல ஈஹ்ராஃப் அதுக்கு கிட்டகூட வராது. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு வேலை செய்யறதுதான் எனக்கு பிடிச்ச முறை, அகலம் அங்க, ஆழம் இங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். அந்த ஒண்ணு ஆசிய மொழி நூல்களுக்காக பிடிச்சு வச்சிருக்கேன், சேர்த்தா குடுத்துடறேன். லைப்ரரிக்கு லெட்டர் எழுதறவங்க பொத்தாம்பொதுவா 'ஆராய்ச்சிக்கு உதவும்'னு எழுதாதீங்க, தோடர் ஃபைல்ல 234, காசி காரோ சிங்களர்ல 428ன்னு எந்தப் பாடத்துக்கு எந்த ஃபைல் வேணும்னு குறிப்பா எழுதுங்க, துறைத்தலைவர் கையெழுத்தும் வாங்கிக்கோங்க. ட்ரயல் கிடைச்சதும் வகுப்புல எல்லாரையும் அந்தமான் ஃபைல்ல ஒரு டாக்குமெண்ட்டோட தகவல் பக்கத்தைத் திறந்து களத்துல இருந்த வருஷத்தை நோட்டுல எழுதச் சொல்லுங்க, தேடல் அதுக்கப்புறம் ஆரம்பிக்கட்டும்.